திறந்த மூல மென்பொருளுக்கு யார் காவல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயர்ஃபாக்ஸ், வி.எல்.சி., லிப்ரெ ஆபிஸ் என்று, மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் மென்பொருள்களில் நாள்தோறும் எதையாவது பயன்படுத்துகிறவர்கள், இதற்கெல்லாம் நாம் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று யோசிக்கும்போது வரும் கேள்விகள் இவை. நிரல் எழுதத் தெரியாதவர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு எதற்குக் காவல்? அதை யார் பறித்துக்கொள்ளப் போகிறார்கள்?

நிரலை யாரும் பறிக்க முடியாது என்பது பெருமளவு உண்மைதான். ஜி.பி.எல்., எம்.ஐ.டி., அப்பாச்சி போன்ற ஓர் உரிமத்தின்கீழ் வெளியான பதிப்பு வெளியானதுதான். உங்களிடம் உள்ள பிரதியை நீங்கள் காலம் முழுக்க வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் நிரலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வழு (பிழை) வந்தால் திருத்த, பாதுகாப்பு ஓட்டையை அடைக்க, யாரோ அனுப்பிய திருத்தத்தைப் படித்துப் பார்த்துச் சேர்க்க. அவரைப் பராமரிப்பாளர் என்கிறோம். பகலில் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு இரவில் இதைச் செய்கிறவர்கள் அவர்களில் ஏராளம். அவருடைய பொழுதுக்கும் பொறுமைக்கும் எந்த உரிமமும் காவல் இல்லை.

உரிமத்தை மதிக்காத நிறுவனங்கள், பேடன்ட் (காப்புரிமை) வழக்குகள், நல்லெண்ணத்தோடு அவசரமாக எழுதப்படும் சட்டங்கள் என்று வேறு தொல்லைகளும் உண்டு. அவற்றையும் கீழே பார்ப்போம். இருந்தாலும் என் கணிப்பில், வழக்கால் செத்த திட்டங்களைவிட ஆள் ஓய்ந்துபோய்ச் செத்தவையே அதிகம்.

ஒரு பராமரிப்பாளர் சோர்ந்துபோனால் உலகத்துக்கு என்ன வந்துவிடும்?

2024 மார்ச்சில் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

எக்ஸ்-இசட் யூட்டில்ஸ் என்று ஒரு சிறு கருவி. கோப்புகளைச் சுருக்குவதும் விரிப்பதும் அதன் வேலை. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் ஓடும் கணினிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பின்லாந்துக்காரர் ஒருவர் சம்பளம் எதுவும் இல்லாமல் பல ஆண்டுகளாக அதைத் தனியாகப் பார்த்துவந்தார்.

2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். சிறுசிறு திருத்தங்கள், ஒழுங்கான நிரல், மரியாதையான பேச்சு. 2022இல் முன்பின் தெரியாத வேறு சில பெயர்கள் திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் தலைகாட்டின. திருத்தங்கள் கிடப்பில் கிடக்கின்றன, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று ஒரே குடைச்சல். ஆர்வம் போகவில்லை என்றும், நீண்டநாள் மனநலச் சிக்கல்களால் முன்போல் கவனிக்க முடியவில்லை என்றும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்றும் அவர் பதில் எழுதினார். அந்த ஆண்டே ஜியா டான் கூட்டுப் பராமரிப்பாளர் ஆகிவிட்டார். குடைச்சல் கொடுத்த பெயர்களை அதற்குப் பிறகு காணவில்லை.

2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும், மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்பிலும் பின்கதவு, அதாவது வெளியாள் கள்ளத்தனமாக நுழைய ஒரு ரகசிய வழி, இருந்தது. நிரலை வரிவரியாகப் படிப்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, சோதனைக்காக வைக்கப்பட்டிருந்த மாதிரிக் கோப்புகளுக்குள் அதைப் புதைத்திருந்தார்கள். புதைத்ததைத் தோண்டியெடுக்கும் வரிகள், நிரலை எல்லாரும் பார்க்க வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. பதிவிறக்கத்துக்கு வைத்த வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களில் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.எச். சேவை, சுற்றிவளைத்து இந்தக் கருவியின் நூலகத்தையும் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பையும்) ஏற்றிக்கொள்ளும். ஆகவே உலகின் சர்வர்களுக்கெல்லாம் கள்ளச்சாவி தயாராகிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயின்ட். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் பணிபுரிபவர். டெபியனின் சோதனைப் பதிப்பில் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்.எஸ்.எச். உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவது அவர் கண்ணில் பட்டது. நாமாக இருந்தால் 'நெட் ஸ்லோ' என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்போம். அவர் விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று விவரத்தை வெளியிட்டார். நல்லவேளையாக அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை வெளியீடுகளோடு நின்றிருந்தன. ஜியா டான் யார் என்பது வெளிவரவே இல்லை.

தொழில்நுட்ப நுணுக்கத்தைப் பற்றித்தான் எல்லாரும் வியந்து எழுதினார்கள். எனக்கு உறைத்தது வேறு: இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதரின் களைப்பைக் குறிவைத்து வேலை தொடங்கிவிட்டது. அந்தக் குழுவில் அன்றைக்கு ஒரே ஒருவர், 'அவரை விடுங்கள், நான் பாதி வேலையைப் பார்க்கிறேன்' என்று எழுதியிருந்தால்? எழுதிய ஒரே ஆள் ஜியா டான்தான்.

அப்படியானால் மூடிய மென்பொருளே பாதுகாப்பானது என்று ஆகிறதே?

ஆகவில்லை. அந்த அரை விநாடியைத் துரத்திக்கொண்டு போக ஃப்ராயின்டிடம் மூல நிரல் இருந்தது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மூடிய மென்பொருளுக்குள் நுழைக்கப்பட்ட பின்கதவு 2020இல் மாதக்கணக்கில் அமெரிக்க அரசுத் துறைகளுக்குள் உட்கார்ந்திருந்தது. அதே நேரம், திறந்து கிடந்தால் போதும், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் சரியில்லை. இணையத் தகவல்தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2012 முதல் 2014 ஏப்ரல் வரை எல்லாருக்கும் தெரியும்படி திறந்தே கிடந்தது. யாரும் பார்க்கவில்லை.

கோடிகோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றனவே, அவை பணம் கொடுப்பதில்லையா?

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் போன்ற பெரிய திட்டங்களுக்குக் கொடுக்கின்றன. அங்கே எழுதுபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். பளிச்சென்று தெரியாத திட்டங்கள்தான் பட்டினி. ஹார்ட்பிளீட் வெடித்தபோது ஓப்பன்-எஸ்.எஸ்.எல். திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். வங்கிகளும் இணையக் கடைகளும் அந்த நிரலை நம்பித்தான் காசை நகர்த்திக்கொண்டிருந்தன. ஓட்டை அம்பலமான பிறகே லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய நிறுவனங்களைக் கூட்டி அடிப்படை நிரல்களுக்கென ஒரு நிதியைத் தொடங்கியது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் இதே கதை. தன்னார்வலர்கள் தூக்கமில்லாமல் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வசைதான் வந்தது. அதையொட்டி நடந்த ஒன்று எனக்குப் பிடித்தமானது. இணையம்வழி தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற கருவியை எழுதிப் பராமரிக்கும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு 2022 ஜனவரியில் ஒரு மாபெரும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது: உங்கள் மென்பொருளில் லாக்4ஜே இருக்கிறதா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேள்விகளின் வரிசை, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்ற கட்டளையுடன். கர்ல் எழுதப்பட்டது சி மொழியில். லாக்4ஜேவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசு கொடுத்ததும் இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போடுங்கள், மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதி அனுப்பினார்.

நான் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் அது எதற்கு ஆகும்?

ஒருவரின் ஐந்நூறு சர்வர் வாடகையில் ஒரு துளி. ஆனால் தொடர்ந்து வரும் சிறு தொகைகள், எப்போதோ ஒருமுறை வரும் பெரிய தொகையைவிடப் பராமரிப்பாளருக்கு உதவும். அடுத்த மாதம் என்ன வரும் என்று அவருக்குத் தெரியுமே. எதற்குக் கொடுப்பது என்றால், எல்லாருக்கும் தெரிந்த பெயர்களை விட்டுவிட்டு, நீங்கள் தினமும் தொடும் சிறிய ஒன்றைத் தேடுங்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கல்: ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கான விதிகளை இறுக்கிய பிறகு, பல இந்திய அட்டைகளில் வெளிநாட்டுத் தளங்களுக்கு மாதாமாதம் பணம் போவது நின்றுவிட்டது. உங்கள் அட்டையிலும் அப்படியென்றால் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். நிறுவன அளவில், பெங்களூரைச் சேர்ந்த பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற கணக்கில் திறந்த மூலத் திட்டங்களுக்கு ஒரு நிதி தொடங்கியது. இந்தியாவில் லாபம் பார்க்கும் மென்பொருள் நிறுவனங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், இப்படி இன்னும் நூறு இருந்திருக்க வேண்டும்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

தமிழ் படிக்கத் தெரியும் இல்லையா? உலகின் மிகச் சிறந்த நிரலாளர்கள் பலருக்கு அது தெரியாது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

'ஸ்ரீ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பழைய விசைப்பலகைகள் ஸகர மெய்யையும் 'ரீ'யையும் சேர்த்து அதை உண்டாக்குகின்றன. 2005இல் யூனிகோடில் (எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் உலகப் பொதுத்தரம்) ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்க்கப்பட்ட பிறகு, அதை வைத்து உண்டாக்கும் முறையும் வந்தது. பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒரு முறையில் தட்டிய 'ஸ்ரீதரன்' என்ற பெயரை, மற்ற முறையில் தட்டித் தேடினால் கிடைக்காமல் போகலாம். பள்ளி மாணவர் பட்டியலிலோ நூலக அட்டவணையிலோ ஒருவர் காணாமல் போய்விடுவார். இந்த வழுவை ஜெர்மனியில் இருக்கும் உருவாக்குநர் தானாகக் கண்டுபிடிக்கவே முடியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு படங்கள்.

இதை எப்படித் தெரிவிப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 'தமிழ் சரியாக வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்' என்று எழுதினால் அது குப்பைக்குப் போகும், போவதும் நியாயம்தான். மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துரு, எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, வழு தெரியும் ஒரு சின்னக் கோப்பு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். அதற்கு முன், இதே வழுவை வேறு யாராவது தெரிவித்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் புதிதாக ஒன்று திறக்காமல், அங்கேயே உங்கள் விவரத்தைச் சேருங்கள். இப்படி எழுதப்பட்ட ஓர் அறிக்கை பராமரிப்பாளருக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மொழிபெயர்ப்பு இன்னொரு வழி. லிப்ரெ ஆபிஸ், பயர்ஃபாக்ஸ் இரண்டுக்கும் இணையத்திலேயே மொழிபெயர்க்கும் வசதி உண்டு. ஆனால் புதிய பட்டியல்களில் பாய்வதற்கு முன், ஏற்கெனவே செய்ததைத் திருத்துங்கள். யாரும் வாயால் சொல்லாத சொற்கள் மெனுக்களில் நிறைய உட்கார்ந்திருக்கின்றன. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழில் வாக்கியங்களைப் படித்துக் குரலைக் கொடையாகத் தரலாம்; நெல்லைக் குரலும் யாழ்ப்பாணக் குரலும் அங்கே தேவை. நேரில் மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால், சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கிவருகிறது. கணியம் இதழ் 2012 முதல் தமிழில் இவை பற்றி எழுதிவருகிறது.

நான் கேட்ட வசதியை மாதக்கணக்காகியும் செய்துதரவில்லை. கோபப்படக் கூடாதா?

படலாம், வீட்டுக்குள். பணம் கொடுக்காமல் வாங்கியதற்கு வாடிக்கையாளர் உரிமை கிடையாது. அவர் மறுத்தால் நீங்களே எழுதலாம், எழுதத் தெரிந்தவருக்குப் பணம் கொடுக்கலாம், நிரலைப் பிரித்தெடுத்துத் தனியாக நடத்தலாம். மூடிய மென்பொருளில் இந்த மூன்றுமே கிடையாது.

எதிர்ப்பக்கத்துக் கோபமும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016 மார்ச்சே சாட்சி. ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்த நிரலாளர் ஒருவர், தன் நிரல்களையெல்லாம், ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பகிர்ந்துகொள்ளும் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். வெறும் 11 வரி. அது இல்லாமல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் அன்று கட்டமைக்க முடியாமல் நின்றன.

உரிமத்தை ஒரு நிறுவனம் மீறினால் நீதிமன்றம் கேட்குமா?

கேட்கும். அதை நிலைநாட்டிய வழக்குகளில் ஒன்று பொம்மை ரயிலிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியரான ராபர்ட் ஜேக்கப்சன், மாதிரி ரயில்களைக் கணினியால் இயக்கும் ஜே.எம்.ஆர்.ஐ. என்ற மென்பொருளை நண்பர்களோடு சேர்ந்து எழுதித் திறந்த உரிமத்தில் வெளியிட்டார். மேத்யூ காட்ஸர் என்ற வணிகர் அதிலிருந்து கோப்புகளை எடுத்து, எழுதியவர்களின் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்கிவிட்டுத் தன் பொருளில் சேர்த்துக்கொண்டார். இது வெறும் ஒப்பந்த மீறல்தான் என்ற நிலைப்பாட்டைக் கீழ்நீதிமன்றம் எடுத்தது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: உரிமத்தின் நிபந்தனைகளை மீறினால் அது பதிப்புரிமை மீறலே, தடை கோரலாம் என்றது. காசு வாங்காமல் கொடுத்ததாலேயே நிபந்தனைக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது என்பதுதான் அதன் சாரம்.

ஜெர்மனியில் இதற்கு முன்பே, 2004இல், ஹரால்ட் வெல்டே என்ற கெர்னல் உருவாக்குநர் ரவுட்டர் நிறுவனம் ஒன்றின் மீது மியூனிக் நீதிமன்றத்தில் ஜி.பி.எல். மீறலுக்காகத் தடையாணை வாங்கினார்.

காவல் காப்பதிலும் ஓர் அளவு வேண்டும். அதே ஜெர்மனியில் பிற்பாடு கெர்னல் உருவாக்குநர் ஒருவர், சிறு பிழைகளைப் பிடித்து நிறுவனங்களிடம் பணம் வசூலிப்பதையே வழக்கமாக்கினார். அவருடைய சொந்தக் குழுவே 2016இல் அவரை விலக்கிவைத்தது. மீறுபவரை முதலில் பேசி வழிக்குக் கொண்டுவர வேண்டும், நீதிமன்றம் கடைசி வழி, பணம் பறிப்பது நோக்கமாகவே இருக்கக் கூடாது என்பது சமூகம் ஏற்ற நெறி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நாலு நிறுவனங்கள் பயந்து ஓடினால் நட்டம் நமக்குத்தான்.

நான் வாங்கிய ரவுட்டரில் லினக்ஸ் ஓடுகிறது. அதன் மூல நிரலைக் கேட்கலாமா?

தாராளமாக. ஜி.பி.எல். உரிமத்தில் உள்ள நிரலைக் கருவியில் ஏற்றி விற்பவர், மூல நிரலைச் சேர்த்தே தர வேண்டும் அல்லது கேட்டால் தருவதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். கருவியோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அது இருக்கும். லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி. என்ற நீலக் கறுப்பு ரவுட்டர் சிலருக்கு நினைவிருக்கலாம். அதற்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் 2003இல் கண்டுபிடித்துக் கேட்டுக் கேட்டு மூல நிரலை வெளியிட வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற ரவுட்டர் இயங்குதளம்; தயாரித்த நிறுவனமே கைகழுவிவிட்ட எத்தனையோ ரவுட்டர்கள் இன்றும் அதன் புண்ணியத்தில் புதிய பாதுகாப்புத் திருத்தங்களுடன் ஓடுகின்றன.

ஒரு நிறுவனம் திடீரென்று உரிமத்தையே மாற்றிவிட்டால்?

பழைய பதிப்பிலிருந்து பிரிந்து போகலாம். ஆரக்கிள் நிறுவனம் 2010இல் சன் நிறுவனத்தை வாங்கியதும், ஓப்பன் ஆபிஸ் உருவாக்குநர்கள் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியேறி லிப்ரெ ஆபிஸைத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற மென்பொருளின் உரிமம் மாறியது. அடுத்த மாதமே அதிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் உரிமம் மாறியது. சில நாள்களில் அதிலிருந்து வால்கீ பிறந்தது. அடுத்த ஆண்டு ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. போனவர்கள் திரும்பி வந்தார்களா என்பது வேறு கதை.

பங்களிப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் நிரலின் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா? அப்படி எல்லா உரிமையும் ஒரே கையில் சேரும் இடத்தில் உரிமம் மாறுவது சுலபம். லினக்ஸ் கெர்னலில் அது நடக்காது. ஆயிரக்கணக்கானவர்களிடம் உரிமை சிதறிக் கிடக்கிறது, எல்லாரையும் கையெழுத்துப் போட வைக்க யாராலும் முடியாது.

பேடன்ட் வழக்கு வந்தால் தன்னார்வலர்கள் எப்படித் தாங்குவார்கள்?

தனியாகத் தாங்க மாட்டார்கள். 2019இல், ஷாட்வெல் என்ற புகைப்பட மென்பொருளைக் காட்டி ஒரு பேடன்ட் நிறுவனம், லினக்ஸுக்கான க்னோம் திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளை மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் ஒரு தொகையைக் கொடுத்துத் தலைமுழுகுவதுதான் வழக்கம். க்னோம் மறுத்துப் போராடியது. சமூகம் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. 2020 மே மாதம் வழக்கு முடிந்தபோது, க்னோம் மட்டுமல்ல, திறந்த உரிமத்தில் உள்ள எந்த மென்பொருள் மீதும் தன் பேடன்டுகளைக் காட்டி வழக்குப் போட மாட்டோம் என்று அந்த நிறுவனம் உறுதி கொடுத்துவிட்டுப் போயிற்று.

இந்தியாவில் நிலைமை சற்றுத் தேவலை. 1970ஆம் ஆண்டுப் பேடன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் பேடன்ட் கிடையாது என்கிறது. 2004 டிசம்பரில் வந்த ஓர் அவசரச் சட்டம் இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2005இல் நாடாளுமன்றம் அதை மூடியது. அன்று குரல் கொடுத்தவர்களில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் உண்டு. நடைமுறையில் நிரல் சார்ந்த பேடன்டுகள் வேறு வேடத்தில் வழங்கப்படுகின்றன என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. அரசு வரைவு வழிகாட்டுதல்களை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது இரண்டு பக்கம் எழுதி அனுப்புவது எவரும் செய்யக்கூடிய வேலை.

அப்படிக் கருத்து எழுதி அனுப்பினால் யாராவது படிக்கிறார்களா?

ஐரோப்பாவில் படித்தார்கள். இணையத் தாக்குதல்களைத் தாங்கும் திறனுக்கான (சைபர் ரெசிலியன்ஸ்) சட்டம் ஒன்றின் வரைவு 2022இல் வந்தபோது, பலவீனமான மென்பொருளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் அதன் வாசகம், மாலையில் ஓய்வு நேரத்தில் நிரல் எழுதுபவரையும் ஒரு தொழிற்சாலை போலவே நடத்தியது. பைத்தான் அறக்கட்டளை, எக்லிப்ஸ், டெபியன் போன்ற திறந்த மூல அமைப்புகள் எல்லாம் எதிர்த்து எழுதின. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இறுதிச் சட்டத்தில், வணிக நோக்கமில்லாத உருவாக்குநர்களுக்கு விலக்கும், அறக்கட்டளைகளுக்கு இலகுவான தனிப் பொறுப்பும் இருக்கின்றன.

நம் அரசுகள் ஏதாவது செய்கின்றனவா?

காகிதத்தில் நிறைய. மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை, அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. உண்மையில் வேரூன்றியது கேரளப் பள்ளிகளில்தான். அங்கே ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, பாடத்திட்டத்தோடு கோத்துவிட்டார்கள். மென்பொருளை நிறுவிவிட்டு ஆசிரியரை விட்டுவிட்ட இடங்களிலெல்லாம் குறுந்தகட்டோடு கதை முடிந்தது.

பயன்படுத்துவது வேறு, பராமரிப்புக்குக் காசு கொடுப்பது வேறு. ஜெர்மனி 2022இல் அதற்கென்றே அரசு நிதி ஒன்றைத் தொடங்கி, க்னோம், கர்ல் போன்றவற்றுக்கு நேரடியாகப் பணம் தந்திருக்கிறது. இந்தியாவின் அரசுச் சேவைகள் போஸ்ட்கிரஸையும் லினக்ஸையும் எவ்வளவு நம்பி நிற்கின்றன என்று பார்த்தால், இங்கேயும் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று அது.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதுகிறதே, பராமரிப்பாளர் சுமை குறையாதா?

இப்போதைக்குக் கூடியிருக்கிறது. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தேன் என்று இயந்திரம் எழுதித்தரும் நீண்ட, தன்னம்பிக்கை நிறைந்த, அடியோடு பொய்யான அறிக்கைகள் குவிவதாக மேலே சொன்ன ஸ்டென்பெர்க் 2025இல் பகிரங்கமாகப் புலம்பினார். ஒன்றை உருவாக்க ஒரு நிமிடம். பொய் என்று நிறுவ ஒரு மனிதருக்கு அரை நாள். உங்களால் விளக்க முடியாத எதையும் அனுப்பாதீர்கள்.

நானே ஒரு சிறு திட்டத்தைப் பராமரிக்கிறேன். இனி முடியவில்லை. விட்டுவிடலாமா?

விடலாம். யாருக்கும் நீங்கள் கடன்பட்டவர் அல்ல. ஆனால் சாவியை முதலில் கேட்டவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற நிரலின் ஆசிரியர், தான் பயன்படுத்தாத அதை, உதவ முன்வந்த அறிமுகமில்லாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பைகளைக் குறிவைத்துத் திருட்டு நிரலைச் சேர்த்துவிட்டார். தெரிந்தவர் கிடைக்காவிட்டால், பராமரிப்பு நின்றுவிட்டது என்று முகப்பில் ஒரு வரி எழுதி, களஞ்சியத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். டெபியனில் இதற்கு முறையான வழியே உண்டு: பொதியை 'அனாதை' என்று அறிவித்தால், வேறு ஒருவர் எடுக்கும்வரை தர உறுதிக் குழு பார்த்துக்கொள்ளும். தேவைப்படுகிறவர் நிரலைப் பிரித்தெடுத்துத் தன் பெயரில், தன் பொறுப்பில் நடத்திக்கொள்ளட்டும். அதற்குத்தான் அந்த உரிமத்தில் வெளியிட்டீர்கள்.